தகரத் தகடு முதல் எக்ஸ்ரே வரை: விசா வாசலில் நம்ம ஊர்க்காரங்க

1/
கொஞ்சம் நீளமான இழை இது. வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புற பிள்ளைங்க உங்க வீட்டில் இருந்தா, கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

போன வருஷம் ஒரு சாயங்காலம். ஓ.பி. முடிகிற நேரம். ராசிபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்தாங்க. அப்பா தறி ஓட்டுறவர். மகள் நர்ஸ், வயசு 26. இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலை உறுதியாகியிருந்தது. விசாவுக்கான வேலை ஓடிக்கொண்டிருந்தது.

(அவங்க அனுமதியோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

2/
கையில் தடிமனான ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதைத் திறக்காமலே அந்தப் பொண்ணு கேட்டாங்க.

"சார், பதினொன்னாவது படிக்கும்போது எனக்கு டி.பி. வந்துச்சு. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டு முடிச்சிட்டேன். இப்போ விசாவுக்கு எக்ஸ்ரே எடுக்கோணும்னு சொல்றாங்க. முன்னாடி டி.பி. இருந்துச்சான்னு கேட்டா, இல்லைன்னு சொல்லிரட்டுங்களா? ஏஜென்ட் அப்படித்தான் சொல்லச் சொல்றாரு."

அப்பா பக்கத்தில் நின்னுக்கிட்டே இருந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. "ஏனுங் சார், கடன் வாங்கிக் கட்டியிருக்கோமுங்க. ஒரு வார்த்தையில எல்லாம் போயிருமுங்களா?"

3/
எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடிச்சுப் பார்த்தேன். வலது நுரையீரலின் மேல்பகுதியில் சின்னதா ஒரு தழும்பு. ஆறின புண்ணோட தழும்பு, அவ்வளவுதான். முழங்காலில் சின்ன வயசில் விழுந்த தழும்பு நம்ம எல்லோருக்கும் இருக்குமே, அது மாதிரி.

ஆனா அந்தத் தழும்பைப் பார்த்து ஒரு குடும்பமே பயந்து நிக்குது. ஏன்?

நான் சொன்ன பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அதுக்கு முன்னாடி வேறொரு கேள்வி. ஒரு நாட்டுக்குள் போக, நம்ம உடம்பை ஒரு டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடணும் என்கிற வழக்கம் எப்போ ஆரம்பிச்சது? அந்த டாக்டர் யாருக்காக வேலை செய்தார்?

இந்தக் கதையில் சேலம் ஜில்லாவுக்குப் பெரிய பங்கு உண்டு. வாங்க, பார்க்கலாம்.

4/
1834. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்த வருஷம். கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் இல்லை. அதே வருஷம் இந்தியாவிலிருந்து மொரீஷியஸுக்கு ஒப்பந்தக் கூலிகள் போக ஆரம்பித்தாங்க.

1860 அக்டோபரில் மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் கிளம்பியது. 342 பேர். நவம்பர் 16-ம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பனில் போய் இறங்கினாங்க. அதுக்கப்புறம் ஐம்பது வருஷத்துக்குக் கப்பல் மேல் கப்பல்.

அந்தக் கப்பல்களின் பயணிகள் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண். பெயர், அப்பா பெயர், வயசு, சாதி, ஜில்லா, கிராமம். ஜில்லா என்ற கட்டத்தில் வட ஆற்காடு, செங்கல்பட்டு என்று வரும். சேலம் என்றும் வரும்.

கூடவே இன்னொரு கட்டம் உண்டு. உடம்பில் உள்ள அடையாளங்கள். நெற்றியில் தழும்பு, காலில் தழும்பு, மார்பில் மச்சம் என்று எழுதும் இடம். ஆள் ஓடிப்போனால் கண்டுபிடிக்க!

தழும்பைப் பதிவேட்டில் எழுதுகிற பழக்கத்தை இங்கே பார்க்கிறோம்.

5/
சரி, டாக்டர் எப்போ உள்ளே வந்தார்?

கப்பலில் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்தாங்க. காலரா, சீதபேதி, டைபாய்டு, தட்டம்மை. கல்கத்தாவிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன கப்பல்களில் 1856-57 பருவத்தில் நூற்றுக்குச் சுமார் 17 பேர் வழியிலேயே இறந்தாங்க. லண்டனில் கேள்வி எழுந்தது. விதிகள் கடுமையாச்சு. ஏற்றுவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை, அம்மை குத்துதல், கப்பலில் ஒரு சர்ஜன்.

அந்தக் கப்பல் சர்ஜனுக்குச் சம்பளம் எப்படித் தெரியுமா? உயிரோடு இறக்கிய ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு ஷில்லிங்!

ஒரு மருத்துவனாக இதைப் படிச்சப்போ எனக்குக் கூச்சமாக இருந்தது. நல்லா யோசிச்சா இன்னொண்ணும் புரிந்தது. அந்தக் கூலிக் கணக்கினாலேயே சில உயிர்கள் பிழைச்சிருக்கும். குடிநீரை, கழிப்பிடத்தை, சமையலைச் சர்ஜன் கவனிச்சே ஆகணும் இல்லையா? நல்லது நடந்தது. ஆனா நோயாளிக்காக நடக்கவில்லை.

6/
பிற்பாடு ஃபிஜித் தீவுக்குப் போனவர்களின் 'எமிக்ரேஷன் பாஸ்' தாளைப் பார்த்தால், இன்றைய விசா மெடிக்கலின் தாத்தா அதுதான் என்று தெரியும். உயரம், அங்க அடையாளம், ஊர். கீழே, இவர் உடலிலும் மனதிலும் நோயற்றவர், அம்மை குத்தப்பட்டவர், போகத் தகுதியானவர் என்று ஒரு சான்று. அதில் டாக்டரின் கையெழுத்து. பக்கத்தில் 'புரொடெக்டர் ஆஃப் எமிக்ரன்ட்ஸ்' என்கிற அதிகாரியின் கையெழுத்து.

அந்தப் பதவிப் பெயர் ஞாபகம் இருக்கட்டும். திரும்ப வரும்.

7/
நம்ம ஜில்லாவிலிருந்து மக்கள் ஏன் போனாங்க? ஆசைப்பட்டா?

1876-78 பஞ்சம். தாது வருஷத்துப் பஞ்சம் என்று எங்க பாட்டி காலம் வரைக்கும் பேச்சு இருந்தது. மெட்ராஸ் மாகாணத்தில் மிக மோசமாக அடிபட்ட ஜில்லாக்களில் சேலம் ஒண்ணு. 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்துக்கும் மேல் இருந்த மக்கள்தொகை, 1881-ல் 16 லட்சம் அளவுக்கு இறங்கியது. பத்து வருஷத்தில் கூட வேண்டிய ஜனம், லட்சக்கணக்கில் குறைந்தது. செத்தவங்க பாதி, ஊரை விட்டுப் போனவங்க மீதி என்று பிரிச்சுச் சொல்ல முடியாது. இரண்டும் ஒண்ணோட ஒண்ணு கலந்த கணக்கு.

8/
இந்த இடத்தில் ஒரு டாக்டரைப் பற்றிச் சொல்லணும்.

பஞ்சத்தில் செலவைக் குறைக்க சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற உயர் அதிகாரியை அரசாங்கம் அனுப்பியது. 1877 ஜனவரியில் அவர் ஒரு கணக்குப் போட்டார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, போதும் என்றார். கையில் கொஞ்சம் சில்லறை.

மெட்ராஸின் சானிட்டரி கமிஷனர் டாக்டர் கார்னிஷ், அதே அரசாங்கத்திடம் சம்பளம் வாங்கியவர், இதை எதிர்த்து எழுதினார். உழைக்கிற உடம்புக்கு இது பத்தாது, ஆட்கள் மெலிஞ்சு சாகிறாங்க என்று வாதாடினார். மேலதிகாரியோடு எழுத்தில் சண்டை போட்டார். சில மாசத்தில் மெட்ராஸ் அரசாங்கம் கூலியை உயர்த்தியது.

அவர் எல்லோரையும் காப்பாற்றிவிடவில்லை. ஆனா சம்பளம் யாரிடம் வாங்கினாலும், பேச்சு நோயாளிக்காக இருக்கலாம் என்று காட்டினார்.

9/
பஞ்சத்தில் பிழைச்சவங்க போன இடம் பெரும்பாலும் 'கண்டிச் சீமை'. அதாவது இலங்கை மலைநாடு. அங்கே 1869-ல் காப்பிச் செடியில் இலைத்துரு நோய் வந்தது. காப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்கு வருஷம் பூரா ஆள் வேணும். திருச்சி, சேலம் ஜில்லாக்கள்தான் ஆள் எடுக்கும் முக்கிய இடங்கள். (நாமக்கல் தாலுகா சில காலம் திருச்சி ஜில்லாவோடு இருந்தது.) 1904-ல் இலங்கைத் தோட்டக்காரர்கள் இதுக்காகத் திருச்சியிலேயே ஒரு தலைமை அலுவலகம் திறந்தாங்க.

ஊருக்கு வந்து ஆள் சேர்த்தவர் கங்காணி. அவரும் நம்ம ஊர்க்காரர்தான், நம்ம சொந்தக்காரராகவும் இருப்பார். முன்பணம் கொடுப்பார். அந்தப் பணம் நம்ம பேரில் கடனாக ஏறும். தோட்டம் மாறணும்னா, கடன் தொகை எழுதின 'துண்டு' வேணும். கடனோடு சேர்த்து ஆளையும் கை மாற்றும் முறை அது. 1921-ல்தான் அதைச் சட்டம் போட்டு ஒழிச்சாங்க.

ஏஜென்டிடம் கடன் வாங்கிப் பணம் கட்டின அந்த அப்பாவின் முகம் உங்களுக்கு ஞாபகம் வருதா? எனக்கு வந்தது.

10/
1900-களின் தொடக்கத்தில் 'டின் டிக்கெட்' வந்தது. தகரத்தில் ஒரு வட்டத் தகடு. அதில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறிச்சிருக்கும். கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டால் ரயில், கப்பல், சாப்பாடு எல்லாம் வழியில் கிடைக்கும். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும்.

எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தர் சேலத்திலிருந்து நுவரெலியா வரைக்கும் தொலையாமல் போய்ச் சேர இது உதவியது உண்மை. பார்சல் தொலையாமல் போய்ச் சேருகிற மாதிரி!

11/
1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தாச்சு. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். வழியில் மண்டபம் கேம்ப். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய தடுப்பு முகாம் அது.

தோட்டத்துக்குப் போகிறவங்க அங்கே சில நாள் தங்கியே ஆகணும். குளிக்க வைப்பாங்க. துணிமணியை ஆவியில் போட்டு எடுப்பாங்க. பெரியம்மைக்குத் தடுப்பூசி. காலரா அறிகுறி இருக்கான்னு கண்காணிப்பு. பின்னாளில் கொக்கிப்புழுவுக்கும் அங்கேயே மருந்து.

மூணாம் வகுப்பில் போகிற கூலிக்குத்தான் இத்தனையும். காலரா கிருமிக்கு வகுப்பு தெரியாது. கேம்ப் அதிகாரிக்குத் தெரியும்.

12/
கொக்கிப்புழு பற்றி ஒரு நிமிஷம். செருப்பில்லாத காலில், மலம் கலந்த ஈர மண்ணிலிருந்து இதன் குட்டி தோல் வழியா உள்ளே நுழையும். குடலில் கொக்கி போட்டு உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். ரத்தசோகை, மூச்சு வாங்கல், சோர்வு. கழிப்பறை இல்லாத தோட்ட லைன்களில் இது பரவாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

1916-ல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அமைப்பு இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை ஆரம்பித்தது. முதலாளிகளிடம் அதை எப்படிச் சொல்லி ஒத்துக்க வெச்சாங்க? 'புழு போனால் ஆள் கூடுதலா வேலை செய்வான்' என்று.

இப்போ அதே காலத்தில் உலகத்தின் இன்னொரு மூலையைப் பாருங்க. சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் ஏஞ்சல் தீவு. அமெரிக்காவுக்குள் வரும் ஆசியர்களைச் சோதிக்கும் இடம். 1910-ல் அங்கே கொக்கிப்புழுவை 'ஆபத்தான தொற்றுநோய்' பட்டியலில் சேர்த்தாங்க. அதைக் காரணம் காட்டி இந்தியர்களைத் திருப்பி அனுப்பினாங்க.

ஒரே புழு. ஒரே மருந்து. ஆள் வேணும்னா மருந்து கொடுத்து உள்ளே எடுத்துக்கிட்டாங்க. வேண்டாம்னா அதே புழுவைச் சொல்லி வெளியே தள்ளினாங்க.

விசா மெடிக்கலின் மொத்த வரலாற்றையும் ஒரு புழு சொல்லிவிட்டது.

13/
வெள்ளைக்காரங்களுக்கு மட்டும் சுகமா இருந்துச்சான்னு கேட்காதீங்க. நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் (1892-1954) ஐரோப்பிய ஏழைகள் படியேறி வரும்போதே டாக்டர்கள் சில விநாடிகளில் எடை போடுவாங்க. சந்தேகம் வந்தால் சட்டையில் சாக்பீஸால் ஒரு எழுத்து. இதயமா, கண்ணா, காலா என்று அந்த எழுத்தே சொல்லும். பூட்ஸுக்குப் பொத்தான் மாட்டும் கொக்கியால் கண் இமையைப் புரட்டிப் பார்ப்பாங்க. கண்ணைக் குருடாக்கும் 'ட்ரக்கோமா' இருந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான்.

முதல் வகுப்பு டிக்கெட் வாங்கியவர்களுக்கு இந்த வரிசை இல்லை. கப்பலிலேயே மேலோட்டமாகப் பார்த்து இறக்கிவிட்டாங்க.

14/
முதல் உலகப் போருக்குப் பிறகு பாஸ்போர்ட் வந்தது. இந்தியாவில் 1920-ல் சட்டமாச்சு. 1939-ல் இலங்கைக்குக் கூலி வேலைக்குப் போவதை இந்திய அரசு தடை செய்தது. பிறகு நடந்ததுதான் நம்ம வரலாற்றில் மிகப் பெரிய தூதரக வரிசை. அதைப் பலர் மறந்தே போயிட்டோம்.

1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால், மலையகத் தமிழர் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாடற்றவர் ஆனாங்க. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி அப்புறம் என்று இரண்டு அரசாங்கங்கள் பங்கு போட்டன. மீதியையும் 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தாங்க. அந்த ஜனங்களை யாரும் கேட்கவில்லை.

15/
தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் வளர்ந்து, சேலத்தையோ திருச்சியையோ ஒரு தடவை கூடப் பார்க்காதவங்க, கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகத்துக்குப் போய் மனு கொடுத்தாங்க. தாத்தா எந்த ஊர்? எந்த தாலுகா? பதில் தெரிஞ்சவங்க சிலர். ஊர்ப் பெயர் மட்டும் தெரிஞ்சவங்க பலர்.

இந்தியப் பாஸ்போர்ட் கைக்கு வந்த நாளிலிருந்து, பிறந்த வீட்டிலேயே அவங்க வெளிநாட்டவர். தங்குவதற்கு விசா வேணும். விசா முடிஞ்சா கப்பல். ராமேஸ்வரத்தில் இறங்கினால் அதே மண்டபம் கேம்ப். தாத்தாவைக் குளிப்பாட்டி, ஊசி போட்டு அனுப்பின அதே இடத்துக்குப் பேரன் பாஸ்போர்ட்டோடு வந்து இறங்கினான். 1984-ல் கப்பல் நின்றது. பாஸ்போர்ட் வாங்கியும் வர முடியாமல் அங்கேயே தங்கியவங்களும் உண்டு.

'குடியிருப்பு விசா' என்றால் நமக்கு இன்னிக்குக் கனவு. அவங்களுக்கு அது வீட்டைக் காலி பண்ணச் சொல்லும் தேதி.

16/
1967-ல் நம்ம உச்ச நீதிமன்றம் சத்வந்த் சிங் வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. வெளிநாடு போகும் உரிமை தனிமனித சுதந்திரத்தின் ஒரு பகுதி, அதிகாரி இஷ்டப்பட்டால் தரும் சலுகை அல்ல என்று. அதே வருஷம் பாஸ்போர்ட் சட்டம் வந்தது.

ஆனா இந்த உரிமை நம்ம வாசல் வரைக்கும்தான். அடுத்த வீட்டு வாசலில் அவங்க விதி.

அந்த வாசலில் மருத்துவம் எவ்வளவு கீழே இறங்கும் என்பதுக்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 1979 ஜனவரி, லண்டன் ஹீத்ரோ விமான நிலையம். கல்யாணம் செய்துகொள்வதற்காக வந்த 35 வயது இந்திய ஆசிரியை ஒருவர் சொல்வது உண்மையா என்று சோதிக்க, ஒரு டாக்டரை வைத்துக் 'கன்னித்தன்மைச் சோதனை' செய்தாங்க. பத்திரிகையில் செய்தி வந்து நாடே கொதித்த பிறகு அரசாங்கம் அதை நிறுத்தியது. நம்ம பக்கத்து நாடுகளின் விசா அலுவலகங்களிலும் இப்படி நடந்திருக்கிறது என்று பிற்பாடு ஆவணங்களில் வெளியே வந்தது.

அப்படி ஒரு சோதனைக்கு மருத்துவத்தில் எந்த அடிப்படையும் இல்லை. அன்னிக்கும் இல்லை, இன்னிக்கும் இல்லை. ஆனா செய்தவர் டாக்டர்.

17/
இப்போ டி.பி.க்கு வருவோம். இங்கே நம்ம ஊருக்கு ஒரு பெருமை இருக்கு.

ஒரு காலத்தில் டி.பி. என்றால் சானடோரியம். மலையடிவாரத்தில், ஊருக்கு வெளியே, குடும்பத்தைப் பிரிந்து வருஷக்கணக்கில் படுக்கை. 1956-ல் மெட்ராஸ் சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சாங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து. நோயாளிகளை இரண்டாகப் பிரிச்சாங்க. ஒரு பாதி சானடோரியத்தில், மறு பாதி தங்கள் சொந்த வீட்டில், நெருக்கடியான குடிசையில். இரண்டு பக்கமும் ஒரே மாத்திரை.

1959-ல் முடிவு வெளியானது. வீட்டிலிருந்தவங்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானாங்க. கூட இருந்த குடும்பத்துக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தால் தொற்றும் சக்தி சீக்கிரமே விழுந்துவிடும்.

உலகம் பூராவும் சானடோரியங்கள் மூடப்பட்டதுக்கு மெட்ராஸ் குடிசைகளில் நடந்த இந்த ஆராய்ச்சி ஒரு பெரிய காரணம்.

18/
அதனால்தான் அந்தப் பொண்ணு கேட்ட கேள்வி என்னை உறுத்தியது. டி.பி.யை வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த ஊர் இது. குணமான ஒரு பொண்ணு, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் போகிற ஒரு நர்ஸ், தன் தழும்பை மறைக்கலாமா என்று கேட்கிறாங்க.

இன்றைய விதி என்ன? பிரிட்டனில் ஆறு மாசத்துக்கு மேல் தங்கப் போகிறவர், இந்தியா போன்ற நாடுகளிலிருந்து போனால், அவங்க அங்கீகரித்த கிளினிக்கில் டி.பி. பரிசோதனை செய்யணும். நெஞ்சு எக்ஸ்ரே. சந்தேகம் இருந்தால் மூணு சளி மாதிரி. அதை வளர்த்துப் பார்க்க எட்டு வாரம் வரை ஆகலாம். நோய் இல்லை என்றால் சான்றிதழ், ஆறு மாசம் செல்லும். நோய் இருந்தாலும் கதவு நிரந்தரமாக மூடாது. சிகிச்சை முடித்துத் திரும்ப விண்ணப்பிக்கலாம்.

வளைகுடா நாடுகளின் பட்டியலில் கதை வேறு. அங்கே பழைய தழும்பு இருந்தாலே 'அன்ஃபிட்' என்று எழுதும் விதி உண்டு. மருத்துவ நியாயம் இதில் எனக்குத் தெரியவில்லை. ஆனா விதி இருக்கிறது என்பதைப் பணம் கட்டும் முன்னாடியே தெரிஞ்சுக்கணும்.

19/
இத்தனை கதைக்கும் சாரம் ஒண்ணுதான்.

வாசலில் நிற்கும் டாக்டர் உங்க டாக்டர் அல்ல. கப்பல் சர்ஜன் தோட்டக்காரருக்காகப் பார்த்தார். மண்டபத்து டாக்டர் இலங்கை அரசுக்காகப் பார்த்தார். இன்றைய விசா கிளினிக் டாக்டர் அந்த நாட்டுக்காகப் பார்க்கிறார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் கனிவானவர்கள், தங்கள் வேலையைச் சரியாகச் செய்கிறவர்கள். ஒரு நாடு தன் மக்களை நோயிலிருந்து காக்க நினைப்பதும் நியாயம்தான். ஆனா அந்த மேஜையில் நீங்க நோயாளி இல்லை, விண்ணப்பதாரர்.

அதனால, வாசலுக்குப் போகும் முன் உங்க சொந்த டாக்டரிடம் போங்க. உங்க உடம்பில் என்ன இருக்கிறது என்பது வாசல்காரருக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். தாத்தா பாட்டிக்கு இல்லாத ஒரே வசதி உங்களுக்கு இருக்குன்னா அது இதுதான்.

20/
அந்தப் பொண்ணுக்கு நான் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"பொய் சொல்லாதம்மா. எக்ஸ்ரே பேசும், நீ மறைக்க முடியாது. தப்பான தகவல் கொடுத்தது தெரிஞ்சா பத்து வருஷம் வரைக்கும் அந்த நாட்டு விசா கிடைக்காமப் போகலாம். டி.பி. வந்தது உன் தப்பு இல்லை. ஆறு மாசம் ஒரு நாள் விடாம மாத்திரை சாப்பிட்டு முடிச்சது உன் சாமர்த்தியம். அதுக்கு ஆதாரத்தைத் தேடு."

மூணு விஷயம் தேடச் சொன்னேன். சிகிச்சை எடுத்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் பழைய அட்டை. அரசின் 'நிக்‌ஷய்' பதிவில் அவங்க எண்ணும், சிகிச்சை முடித்த சான்றும். அப்போது எடுத்த பழைய எக்ஸ்ரே ஃபிலிம். பழைய தழும்பும் புதுத் தழும்பும் பல வருஷமாக மாறாமல் ஒரே மாதிரி இருக்கிறது என்றால், ஆறிப்போன நோய் என்பதுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

21/
உங்களுக்கும் சில விஷயங்கள் சொல்லிவிடுகிறேன்.

• ஏஜென்டுக்குப் பணம் கட்டும் முன், இருக்கிற வேலையை விடும் முன், ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க. சளிப் பரிசோதனை தேவைப்பட்டால் இரண்டு மாசம் கூடுதலாக ஆகும் என்று கணக்கு வைங்க.

• இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், எடை குறைஞ்சால், விசாவை மறந்துட்டு முதலில் அரசு மருத்துவமனையில் சளி கொடுங்க. பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.

• ஒரிஜினல் பாஸ்போர்ட்டை ஏஜென்டிடம் விட்டு வைக்காதீங்க. 'இ-மைக்ரேட்' தளத்தில் அவர் பதிவு பெற்றவரா என்று பாருங்க. ஆறாவது பதிவில் சொன்ன அந்த 'புரொடெக்டர் ஆஃப் எமிக்ரன்ட்ஸ்' பதவி இன்னும் இருக்கு! 1983 குடிபெயர்வுச் சட்டப்படி சென்னையிலும் அந்த அலுவலகம் இயங்குகிறது. பாதுகாவலர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், போய்க் கேளுங்க.

• தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் 1978-லிருந்து இருக்கிறது. நர்ஸ் வேலைகளுக்கு முதலில் அங்கே விசாரிங்க.

22/
சரி, அந்தப் பொண்ணு என்ன ஆனாங்க?

கிளினிக்கில் கேட்டதுக்கு உள்ளது உள்ளபடி சொன்னாங்க. எக்ஸ்ரேவில் தழும்பு தெரிஞ்சது. சளி மாதிரி கேட்டாங்க. மூணு நாள் வெறும் வயிற்றில் போய்க் கொடுத்துட்டு வந்தாங்க. அப்புறம் எட்டு வாரக் காத்திருப்பு. அந்த எட்டு வாரமும் அவங்க அப்பா தறிக்குப் போகிற வழியில் என் கிளினிக் வாசலில் வண்டியை நிறுத்தி, உள்ளே வராமல், என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கேட்பார். நான் தலையை ஆட்டுவேன். இன்னும் வரலை.

வேலை கொடுத்த மருத்துவமனை சேரும் தேதியைத் தள்ளி வெச்சது. ஏஜென்ட் ஃபோன் எடுப்பதை நிறுத்தினார்.

ஒன்பதாவது வாரம் சான்றிதழ் வந்தது. நோய் இல்லை.

23/
விசா அப்பாயின்ட்மென்ட் சென்னையில். இப்போது பல நாடுகளுக்குத் தூதரகத்துக்குள்ளேயே போக வேண்டியதில்லை, தனியா விண்ணப்ப மையம் இருக்கிறது. ராத்திரி சேலத்தில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி, விடிகாலை சென்னையில் இறங்கி, ஸ்டேஷனிலேயே முகம் கழுவி, அப்பாவை வெளியே மரத்தடியில் உட்கார வெச்சுட்டு உள்ளே போயிருக்காங்க.

வெளியே வந்ததும் எனக்கு ஃபோன். "சார், அங்க ஒண்ணுமே கேக்கலீங்க. பத்து விரலையும் வெக்கச் சொன்னாங்க, போட்டோ எடுத்தாங்க, பேப்பரை வாங்கிக்கிட்டாங்க. இதுக்காங்க சார் இவ்ளோ பயந்தோம்?"

ஆமாம்மா, இதுக்குத்தான். இந்தப் பயம் உனக்கு மட்டும் வந்ததில்லை. உன் ஊரில் ஐந்தாறு தலைமுறையா இருக்கு.

24/
இப்போது அவங்க அங்கே வேலை பார்க்கிறாங்க. நெஞ்சு நோய் வார்டில்தான்.

ஊரில் அவங்க அப்பா அந்தப் பழைய எக்ஸ்ரே ஃபிலிமை பீரோவில் வேட்டிக்கு அடியில் பத்திரமா வெச்சிருக்கார். "இனி எதுக்குங்க சார் இது?" என்று கேட்டார். தூக்கிப் போடாதீங்க, நாளைக்கு அவங்க இன்னொரு நாட்டு வாசலில் நிக்க வேண்டி வரலாம் என்று சொல்லியிருக்கேன்.

உங்க வீட்டிலும் பழைய எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எதுவும் இருந்தா இன்னிக்கே எடுத்து ஒரு ஃபைலில் போடுங்க. உங்க உடம்போட வரலாறு முதலில் உங்க கையில் இருக்கட்டும்.

தேவைப்படுகிறவர்களுக்குப் பகிருங்கள்.

உங்கள் மருத்துவர்,
நாமக்கல்